பேய் நிறுத்திய ரயில்

மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்தில் பேகுன்கோடர் என்றொரு சின்ன ரயில் நிலையம் இருக்கிறது. சந்தால் மக்களின் ராணியாக மதிக்கப்பட்ட லாச்சன் குமாரி எடுத்த முயற்சியில் 1960இல் திறக்கப்பட்டது. ஏழே ஆண்டுகளில், 1967இல், அங்கே ரயில் நிற்பது நின்றுபோனது. அடுத்த 42 ஆண்டுகள் அந்தத் தடத்தில் ரயில்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பேகுன்கோடர்க்காரர்கள் மட்டும் அவற்றில் ஏற முடியவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில்: அங்கே பேய் இருக்கிறது.

கதை இப்படிப் போகிறது. ஒரு ராத்திரி ஸ்டேஷன் மாஸ்டர், வெள்ளைப் புடவை கட்டிய ஒரு பெண் தண்டவாளத்தின் ஓரமாக நடந்து போவதைப் பார்த்தாராம். மறுநாள் சொன்னபோது யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சில நாளில் அவர் இறந்துபோக, பேய்தான் அடித்துவிட்டது என்று ஊர் முடிவுகட்டியது. பிறகு அங்கே வேலைக்கு அனுப்பப்பட்டவர்கள் வர மறுத்தார்கள். ஆளில்லாத நிலையத்தில் ரயிலை எப்படி நிறுத்துவது? நிறுத்தத்தையே ரத்துசெய்தார்கள். அந்த வழியாகப் போகும் பயணிகள் பேகுன்கோடர் வந்தால் ஜன்னலை இறக்கிவிடுவார்கள் என்பது வரை கதை வளர்ந்தது.

ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 1990களின் கடைசியில் குழு அமைத்து, நிலையத்தைத் திறக்கச் சொல்லி மனுமேல் மனுவாகக் கொடுத்தார்கள். பாங்குரா தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக நெடுங்காலம் இருந்த பாசுதேப் ஆச்சார்யா, ரயில்வே விவகாரங்களில் ஊறியவர். அவர் பட்டென்று ஒரு விளக்கம் சொன்னார்: வசதியில்லாத அந்த இடத்தில் வேலைபார்க்க விருப்பமில்லாத ஊழியர்கள் கட்டிவிட்ட கதைதான் இது. 2009இல் ரயில்வே அமைச்சராக இருந்த மம்தா பானர்ஜி, தனக்குப் பேயில் நம்பிக்கை இல்லை என்று சொல்லி நிலையத்தைத் திறக்க வைத்தார். அப்போதும் ரயில்வே ஊழியர் யாரும் அங்கே அமர்த்தப்படவில்லை. தனியார் முகவர் ஒருவர் டிக்கெட் கொடுக்கும் சிறு நிறுத்தமாகத்தான் அது மறுபடி உயிர்பெற்றது.

இந்த 42 ஆண்டுகளைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஊரில் பிறந்த ஒரு குழந்தை வளர்ந்து, படித்து, கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையும் கல்லூரிக்குப் போகிற வயதாகும் காலம் அது. அவ்வளவு காலமும் காய்கறி மூட்டையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போகவும், வலி கண்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் அந்த மக்கள் வேறு வழிதான் தேட வேண்டியிருந்தது. பேய்க்கதை என்றால் பொழுதுபோக்கு என்று நினைக்கிறோம். அதற்கு ஒரு ஊரே விலை கொடுத்திருக்கிறது.

சென்னைக்கு வடக்கே, பொன்னேரி வட்டத்தில் உள்ள நம் ஆரணிக்கு இந்தக் கதை தூரத்துச் சங்கதியாகத் தோன்றலாம். பட்டுக்குப் பேர்போன திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி இல்லை இது, ஆரணியாற்றங்கரை ஆரணி. ஊருக்கென்று ரயில் நிலையம் கிடையாது. பொன்னேரிக்கோ கவரைப்பேட்டைக்கோ போய்த்தான் சென்னை – கூடூர் தடத்தில் ரயில் ஏற வேண்டும். பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் என்று நீளும் இந்தப் பாதை நூற்றாண்டைக் கடந்தது. பகலில் சிப்காட் தொழிலாளர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் நெருக்கியடிக்கும் நடைமேடைகள், கடைசி லோக்கல் போன பிறகு வேறு முகம் காட்டும். தூரத்தில் ஒரு சிவப்பு சிக்னல், காற்றில் ஆடும் கருவேலம் புதர், எங்கேயோ ஒரு நாய். பேய்க்கதை முளைக்க இதைவிட நல்ல நிலம் வேண்டாம்.

அப்படி ஒரு கதை கிளம்பினால் அதை எப்படி விசாரிப்பது? வெள்ளைப் புடவையிலிருந்தே தொடங்கலாம்.

தமிழ்நாட்டுப் பேயும் வங்காளத்துப் பேயும் ஒரே மாதிரி வெள்ளையில் வருவதற்குக் கைம்பெண் கோலம் பற்றிய சமூகப் பழக்கம் ஒரு காரணம். இன்னொரு காரணம் நம் கண்ணுக்குள் இருக்கிறது. விழித்திரையில் இரண்டு வகை ஒளி உணர் செல்கள் உண்டு. நிறம் காட்டும் கூம்புச் செல்கள் சுமார் 60 லட்சம். அவை வேலைசெய்ய நல்ல வெளிச்சம் வேண்டும். மங்கிய வெளிச்சத்துக்கென்று இருக்கும் கோல் செல்கள் சுமார் 12 கோடி. அவற்றுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. விளக்கில்லாத நடைமேடையில் நாம் பார்ப்பதெல்லாம் இந்தக் கோல் செல்களின் தயவில்தான். அங்கே மஞ்சள் சுடிதார் போட்ட பெண் நடந்தாலும், இளநீலச் சட்டை போட்ட கேங்மேன் நடந்தாலும், வெளிறிய வெள்ளை உருவம் ஒன்று நகர்வதாகத்தான் தெரியும்.

இதைவிட வியப்பான சங்கதி அடுத்தது. எதையாவது உற்றுப் பார்க்கும்போது அதன் பிம்பம் விழித்திரையின் நட்டநடுவில் ஒரு சிறு குழியில் விழுகிறது. அந்தக் குழியில் கோல் செல்களே கிடையாது. அதனால் இருட்டில் மங்கலாகத் தெரியும் பொருள் கடைக்கண்ணில் தெரியும். திரும்பி நேராகப் பார்த்தால் காணாமல்போகும். மங்கலான நட்சத்திரத்தைப் பார்க்க வானியலாளர்கள் சற்றுத் தள்ளிப் பார்ப்பது இதனால்தான். “பக்கத்துல நின்னமாதிரி இருந்துச்சு, திரும்பிப் பாத்தா யாரும் இல்ல” என்று பேய் பார்த்தவர்கள் சொல்வது பொய்யில்லை. கண்டதைத்தான் சொல்கிறார்கள். அதைப் பேய் என்று முடிவுகட்டுவது மட்டும்தான் அவசரம்.

யாரும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். அமாவாசையை ஒட்டிய ஒரு ராத்திரி, வீட்டு மொட்டை மாடியில் செல்போனை அணைத்துவிட்டு அரைமணி நேரம் இருட்டில் உட்கார வேண்டும். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் பிடிக்கும். கொடியில் காயும் வெளிர்நிறத் துணிகளை முதலில் ஓரக்கண்ணாலும் பிறகு நேராகவும் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். சோதனைக்கென்று தண்டவாளத்துப் பக்கம் போகக் கூடாது. அனுமதியில்லாமல் ரயில் பாதையில் நடப்பது குற்றம். அதைவிட, மின்சார ரயில் சத்தமில்லாமல் நெருங்கிவிடும் என்பதுதான் நிஜமான ஆபத்து.

அடுத்தது சத்தம். ஆளில்லாத நடைமேடையில் யாரோ நடக்கும் ஓசை, தகரக் கூரையில் ‘டக், டக்’. எஃகு வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். ஒரு டிகிரி வெப்பம் மாறினால் மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அளவு. கேட்கச் சொற்பமாக இருந்தாலும், 13 மீட்டர் நீளமுள்ள பழைய தண்டவாளத் துண்டு பகல் சூட்டிலிருந்து 20 டிகிரி இறங்கும்போது கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் சுருங்க வேண்டும். இணைப்புத் தகடும் போல்ட்டும் பிடித்து வைத்திருப்பதால் அது சீராகச் சுருங்காமல் விட்டுவிட்டுத் துள்ளும். ஒவ்வொரு துள்ளலுக்கும் ஒரு ஓசை. கூரைத் தகரமும் இரும்பு உத்திரமும் அப்படித்தான்.

பின்னிரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாக இருக்கும். அப்போது மேல்நோக்கிப் போகும் ஒலி வளைந்து கீழே இறங்கும். பாதையை விட்டுத் தள்ளியிருக்கும் ஆரணியில் பகலில் கேட்காத ரயில் ஹாரன் ராத்திரியில் பக்கத்துத் தெருவில் கேட்பதுபோல் ஒலித்தால் அதற்கு இதுதான் காரணம். ஊருக்குள் வராத ரயிலின் சத்தம் கேட்டது என்று ஒரு பாட்டி சொன்னால், அந்தப் பாட்டியை நம்பலாம்.

வெளிச்சப் பேய்க்கு அமெரிக்காவில் ஒரு புகழ்பெற்ற வழக்கு உண்டு. மிச்சிகன் மாநிலத்தில் பால்டிங் என்னும் ஊருக்குப் பக்கத்தில், 1960களிலிருந்து காட்டுக்கு மேலே ராத்திரியில் ஒரு வெளிச்சம் தோன்றித் தோன்றி மறைந்தது. ரயிலை நிறுத்த லாந்தரை ஆட்டி, அடிபட்டுச் செத்த ரயில் ஊழியரின் ஆவி என்றார்கள். 2010இல் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் தொலைநோக்கியோடு போய் உட்கார்ந்தார்கள். கண்ணுக்கு ஒற்றை உருண்டையாகத் தெரிந்த வெளிச்சம், தொலைநோக்கியில் சுமார் 7 கிலோமீட்டர் தள்ளி ஒரு நெடுஞ்சாலை மேட்டில் ஏறி இறங்கும் கார்களின் முகப்பு விளக்காகப் பிரிந்து தெரிந்தது. அதோடு விடவில்லை. தங்களில் ஒருவரைக் காரோடு அந்த மேட்டுக்கு அனுப்பி, விளக்கைச் சிமிட்டச் சொன்னார்கள். இந்தப் பக்கம் ‘ஆவி’ சிமிட்டியது.

கல்கத்தா நெடுஞ்சாலை நம் ரயில் பாதையை ஒட்டியே கும்மிடிப்பூண்டிக்குப் போகிறது. விடிய விடிய லாரி ஓடுகிறது. பனிமூட்டமான மார்கழி ராத்திரியில் பாதையோரம் மிதக்கும் வெளிச்சத்தைப் பற்றி யாராவது சொன்னால், முதலில் பார்க்க வேண்டியது அந்தத் திசையில் சாலை எங்கே வளைகிறது என்பதை.

வெளியே தேடி எதுவும் அகப்படாவிட்டால் தூக்கத்தைப் பற்றி விசாரிக்க வேண்டும். ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு அமுக்குவான் பிசாசு பழக்கமான விருந்தாளி. மல்லாந்து படுத்திருக்கும்போது நெஞ்சில் யாரோ ஏறி உட்காருவார்கள். கை கால் அசையாது. கத்த வாய் வராது. அறை மூலையில் ஒரு உருவம் நிற்கும். மருத்துவம் இதைத் தூக்க முடக்கம் என்கிறது. கனவு காணும் தூக்கத்தில், கனவில் ஓடுவதுபோல் நிஜமாகவும் எழுந்து ஓடிவிடாதபடி மூளை உடலின் தசைகளைத் தளர்த்தி வைக்கும். சில நேரம் அந்தத் தளர்ச்சி விலகுவதற்கு முன்பே விழிப்பு வந்துவிடும். கண் திறந்திருக்க, கனவும் பாதி ஓடிக்கொண்டிருக்கும். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளிவந்த கணக்குப்படி, நூற்றில் சுமார் எட்டுப் பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது இதை அனுபவித்திருக்கிறார்கள். தூக்க நேரம் மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு இது கூடுதலாக வரும். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும் ஆலைத் தொழிலாளிக்கும், ராத்திரி டியூட்டி பார்க்கும் கேட் கீப்பருக்கும் பேய் பிடிக்கவில்லை. அவர்களுக்கு ஒழுங்கான ஓய்வு கிடைக்கவில்லை. மந்திரிப்பதற்குக் கூட்டிக்கொண்டு போகும் முன் அவர்களுடைய டியூட்டி அட்டவணையைப் பார்ப்பது நல்லது.

இத்தனைக்கும் பிறகு மிச்சமிருப்பது மனிதக் கை. இதில் தமிழர்களுக்கும் மலையாளிகளுக்கும் நன்றாகத் தெரிந்த முன்னோடி ஆபிரகாம் கோவூர். 1898இல் கேரளத்துத் திருவல்லாவில் பிறந்து, 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் ஆசிரியராகப் போனவர். 1959இல் ஓய்வுபெற்ற பின் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் முகமாக, கல் விழும் வீடு, தானாகத் தீப்பிடிக்கும் துணி என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் விசாரித்தார். மோசடிக்கு இடம்தராத நிலைமையில் அற்புதம் நிகழ்த்திக் காட்டுபவருக்கு ஒரு லட்ச ரூபாய் பரிசு என்று 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை யாரும் அதை வாங்கிக்கொண்டு போகவில்லை. அவர் குறிப்பேட்டிலிருந்த ஒரு வழக்கு மலையாளத்தில் திரைப்படமாகி, 1973இல் தமிழில் ‘மறுபிறவி’யாகவும் வந்தது.

கோவூரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது அவர் விசாரித்த விதம். பேயை அவர் தேடவில்லை. வீட்டில் இருப்பவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பொறுமையாகப் பேசினார். பல வீடுகளில் கல்லெறிந்த கை, அங்கே வாயைத் திறக்க முடியாமல் தவித்த ஒரு பெண்ணுடையதோ பிள்ளையுடையதோ. அவர்களை அவமானப்படுத்தாமல், அந்தத் தவிப்புக்கு ஒரு வழி செய்துவிட்டு வருவார். கல்லும் நின்றுவிடும்.

பேகுன்கோடரிலும் மனிதக் கை அகப்பட்டது. 2017 டிசம்பரில் மேற்கு வங்க அறிவியல் மன்றத்தின் குழு ஒன்று, போலீஸ் துணையோடு, டார்ச், திசைகாட்டி, கேமரா சகிதம் நிலையத்தில் ராத்திரி தங்கியது. திசைகாட்டி முள் ஆடவில்லை. கேமராவில் ஒன்றும் விழவில்லை. நள்ளிரவு தாண்டியபோது கட்டடத்துக்குப் பின்னாலிருந்து விநோதமான சத்தம் வந்தது. அந்தப் பக்கம் டார்ச்சை அடித்தார்கள். புதருக்குள் ஒளிந்து, இவர்களைப் பயமுறுத்தக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த உள்ளூர் ஆட்கள் சிலர் எழுந்து ஓடினார்கள். பேய் பார்க்க வெளியூரிலிருந்து வரும் கூட்டத்தை நம்பி அங்கே ஒரு சிறு வரும்படி உருவாகியிருந்தது.

ரயிலை இழந்த ஊரில், இழக்கக் காரணமான கதையை வைத்தே சிலர் பிழைக்க வேண்டியிருந்ததை நினைத்தால் மனசு கனக்கிறது. அவர்களை மோசடிக்காரர்கள் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியவில்லை.

கவரைப்பேட்டைக்கு வருவோம். 2024 அக்டோபர் 11ஆம் தேதி ராத்திரி எட்டரை மணியளவில், மைசூரிலிருந்து தர்பங்கா போன பாக்மதி எக்ஸ்பிரஸ் அந்த நிலையத்தில் நின்றிருந்த சரக்கு ரயில் மீது மோதியது. சிக்னல் மெயின் லைனுக்குப் பச்சை காட்டியிருக்க, ரயில் ஒரு குலுக்கலோடு லூப் லைனுக்குள் புகுந்திருந்தது. பெட்டிகள் தடம்புரண்டன, தீப்பிடித்தது, பலர் காயமடைந்தார்கள், உயிரிழப்பு இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் நடந்திருந்தால் ‘பச்சை விளக்கு எரியும்போதே ரயிலைத் திருப்பிய சக்தி’ என்று ஒரு கதை இன்றுவரை உலவியிருக்கும். நடந்தது வேறு. அதிகாரிகள் ஜல்லியில் மண்டியிட்டு, தடம் பிரியும் இடத்தில் ஒவ்வொரு போல்ட்டாக, நட்டாகப் பார்த்தார்கள். சிக்னல் கருவியில் நொடிக்கணக்கில் பதிவான விவரங்களை எடுத்தார்கள். ஊழியர்களை அழைத்து விசாரித்தார்கள். ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரித்தார். ரயில்வே தன்னைத் தானே விசாரித்துத் தீர்ப்பு எழுதிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, அந்தப் பதவி விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின்கீழ் வைக்கப்பட்டிருக்கிறது. தடத்தின் பாகங்களை யாரோ வேண்டுமென்றே கழற்றியிருக்கிறார்கள், இது நாசவேலை என்ற முடிவுக்கு அந்த விசாரணை வந்தது.

ஒரு நிலையத்தில் நம்ப முடியாதது நடந்தால் அதை எப்படித் துருவ வேண்டும் என்பதற்கு நம் வீட்டு வாசலிலேயே இப்படி ஓர் உதாரணம் இருக்கிறது.

எல்லாப் பேய்க்கதையும் சோம்பலிலும் வரும்படியிலும் பிறப்பதில்லை. சில, துக்கத்தில் பிறக்கின்றன. 1964 டிசம்பர் 22ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சர் ரயிலை, தனுஷ்கோடியை எட்டும் நேரத்தில் புயலின் கடலலை அப்படியே வாரிக்கொண்டு போனது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள், ஒருவர்கூட மிஞ்சவில்லை. பாம்பன் பாலத்தை ஈ. ஸ்ரீதரன் தலைமையிலான பொறியாளர்கள் 46 நாளில் செப்பனிட்டார்கள். தனுஷ்கோடிக்கு மட்டும் ரயில் திரும்பவே இல்லை. இன்று அங்கே இடிந்த நிலையத்தின் முன் படம் எடுத்து, ‘பேய் நகரம்’ என்று தலைப்பிட்டுப் போடுகிறார்கள். ராத்திரியில் ரயில் கூவும் சத்தம் கேட்பதாகக் கதையும் சொல்கிறார்கள். அங்கே செத்தவர்களின் பேரப்பிள்ளைகள் ராமேசுவரத்திலும் மண்டபத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் காதில் அந்தத் தலைப்பு எப்படி விழும் என்பதை விசாரணைக்குக் கிளம்புகிறவர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தண்டவாளத்தில் உயிர்விட்ட பெண்ணைப் பற்றி ஒரு ஊர் பேய்க்கதை சொன்னால், அவள் யார், ஏன் அந்த முடிவுக்குப் போனாள் என்று கேட்க ஒருவர்கூட இல்லாமல் போனதும் அந்தக் கதைக்குள் இருக்கிறது.

பொன்னேரியிலோ கவரைப்பேட்டையிலோ ஒரு நிலையத்தைப் பற்றி இப்படிப் பேச்சு கிளம்பினால், ராத்திரி தங்குவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். பகலில் செய்ய வேண்டிய வேலையே நிறைய இருக்கிறது. “நீங்களே பாத்தீங்களாண்ணே?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, ‘இல்லப்பா, எங்க மச்சான் பாத்தாராம்’ என்பவர்களைக் கழித்தால் பட்டியல் சுருங்கும். மிஞ்சும் ஒருவரிடம் பார்த்த மாதம், நேரம், நின்ற இடம், முகம் திருப்பிய திசை, அன்று பார்த்த ஷிப்ட், கடைசியாகத் தூங்கிய நேரம் எல்லாவற்றையும் எழுதி வாங்கலாம். அவர் நின்ற இடத்தில் மின்விளக்கு எரிகிறதா, இருட்டுக்குப் பயந்து அந்தப் பக்கமே போகாத பெண்கள் எத்தனை பேர் என்றும் கேட்க வேண்டும். பேய் இல்லை என்று நிரூபிப்பதைவிட அங்கே ஒரு விளக்கு போடவைப்பது ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும் பெண்ணுக்கு உதவும்.

நிலையத்தில் ரயில் நிற்பது குறைக்கப்பட்டிருந்தால், ராத்திரி டியூட்டிக்கு ஆளே போடாமல் இருந்தால், அதற்கான காரணம் ரயில்வே கோப்பில் இருக்கும். தெற்கு ரயில்வே சென்னைக் கோட்ட அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதலாம். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். எந்த ஆண்டு, யாருடைய உத்தரவில், என்ன காரணம் எழுதி நிறுத்தம் எடுக்கப்பட்டது, பணியிடம் எத்தனை மாதமாகக் காலி என்று நாலு வரியில் கேட்டால் போதும்.